காட்டெருமையின் இரண்டு கட்டிகள்

மூங்கில் காட்டின் நடுவே ஒரு சேற்றுக் குளம். அங்கே மேய்ந்த மந்தைக்குத் தலைவன் பாறையன் என்ற காட்டெருமை. அவன் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குபவள் மஞ்சள்மூக்கி என்ற கொக்கு.

அவள் பாறையனின் முதுகைக் கொத்தலாம். காதுக்குள்கூட அலகை விடலாம். கொம்பை மட்டும் தொடவே கூடாது! அதன் மேல் அவனுக்கு அப்படியொரு கர்வம்.

ஒரு கோடையில் அவன் கழுத்தில் விளாம்பழம் அளவுக்கு ஒரு கட்டி தொங்கியது. பாறையனுக்குத் தூக்கம் போயிற்று. தண்ணீரில் அதைப் பார்த்துப் பார்த்து நடுங்கினான். இடது கொம்பின் அடியிலும் ஒரு சின்ன வீக்கம் இருந்தது. கொம்பு லேசாகச் சாய்ந்தது. அதை அவன் சட்டை செய்யவில்லை.

மோப்பம் பிடித்து வந்தான் கழுதைப்புலி கோணவாயன்.

"ஐயோ ராசா! கழுத்தில் எமனல்லவா தொங்குகிறான்! கடித்து எடுத்துவிடட்டுமா?"

"கொம்படியிலும் ஏதோ..."

"அதுவா? கொம்பு பருக்கிறது! ராஜலட்சணம்!"

கழுத்தைக் கடித்தால் இன்றே விருந்து. கொம்பை விட்டுவைத்தால் பிறகு விருந்து. கோணவாயனுக்கு எப்படியும் கொண்டாட்டம்தான்.

பாறையன் கழுத்தை நீட்டினான்.

"பொறு அண்ணே!" என்று பறந்து வந்தாள் மஞ்சள்மூக்கி. கட்டியை அலகால் அழுத்தினாள். மெத்தென்று இருந்தது, தோலுக்கடியில் நழுவி ஓடியது. பிறகு, கேட்காமலே கொம்படிக்குத் தாவினாள்!

பாறையன் சீறித் தலையை உதறினான். அவள் விடவில்லை. அங்கே வீக்கம் கல்லாய் இறுகி அசையாமல் இருந்தது, ரத்தமும் கசிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, உடம்பும் ஒரு மந்தைதான். கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள்தான் அதன் மாடுகள். ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்யும், போதுமென்றால் நிற்கும், வயதானால் சாகும். கழுத்தில் இருப்பவை கொழுப்பு அணுக்கள். அளவு மீறிப் பெருகிவிட்டன, அவ்வளவுதான். முகம் மாறவில்லை, எல்லை தாண்டவில்லை. அது சாதுக் கட்டி."

"கொம்படியில்?"

"அங்கேதான் புற்று. அந்த அணுக்களுக்கு முகமே மாறிவிட்டது. வேலையை மறந்துவிட்டன. நில் என்றால் நிற்பதில்லை, சாவதுமில்லை. அக்கம்பக்கத்தைத் தின்றுகொண்டே பெருகுகின்றன. ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போய்விட்டால் பிறகு வழியில்லை. அதற்குள் கொம்பை வேரோடு எடுத்துவிடு!"

"கொம்பில்லாத தலைவனா? அதற்குச் செத்தே போகலாம்!"

"செத்தவன் தலைவன் இல்லை அண்ணே. இரை!"

பாறையன் திரும்பினான். கோணவாயன் உதட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

பாறையன் மரங்களை நோக்கி நடந்தான். வேங்கை மரத்தின் கவட்டில் இடது கொம்பை மாட்டினான், கண்ணை மூடினான், முழு பலத்தோடு திருகினான். அவன் அலறலில் குளத்துப் பறவைகள் எல்லாம் எழும்பின.

மழைக்காலம் வந்தது. ஒற்றைக் கொம்போடு பாறையன் முன்னே நடக்க, மந்தை பின்னே நடந்தது. தினமும் மஞ்சள்மூக்கி முதலில் பார்ப்பது கொம்பிருந்த இடத்தைத்தான். அவனே தலையைத் தாழ்த்திக் காட்டுவான்.

"ராசா, அந்தக் கழுத்துக் கட்டியையாவது..." என்று தூரத்திலிருந்து இழுத்தான் கோணவாயன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ கிளம்பு!" என்றான் பாறையன்.

ஆபத்தை அளவால் எடைபோடாமல் குணத்தால் அறிந்து, அது பரவும் முன்னே அருமையானதையும் இழக்கத் துணிபவனே பிழைப்பான்.