ஈரம் சொட்டிய இரும்புப் பெட்டி

“பெட்டி சுத்தமாக் காலி சார்!”

இந்த ஒரு பேச்சுதான் கண்ணு, ஒரு ஊரையே நடுங்க வச்சுது. வெள்ளைக்காரன் காலத்துல, ஒரு ஊர்ல ஒரு சின்ன பேங்க் இருந்துது. அது வாசல்ல பூங்காவனம்னு ஒருத்தி மோர் விப்பா. “மோரேய்... மோரு!”ன்னு அவ கத்தினா நாலு தெருவுக்குக் கேக்கும். முந்தின வருஷ மழையில அவ கூரை பொத்துக்கிச்சு. அவளும் அவ பொண்ணும் விடிய விடிய முறத்தைத் தலையில கவுத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதனால ஓடு போடக் காசு சேத்து, அந்த பேங்க்லதான் போட்டு வச்சிருந்தா. கேக்குறியா?

“ம்.”

ஒரு நாள் ஜன்னலுக்கு உள்ளேர்ந்து பியூன், காசு வைக்கிற இரும்புப் பெட்டியைப் பத்தி அப்படிச் சொன்னது பூங்காவனம் காதுல விழுந்துடுச்சு. பக்கத்துல பூ கட்டிக்கிட்டிருந்த கன்னியம்மாகிட்ட, “அக்கா, பெட்டி காலியாம்”னா. கன்னியம்மா சவரக்கடைக்காரர்கிட்ட, “மேனேஜர் பெட்டியைத் தொடச்சு எடுத்துக்கிட்டாராம்”னா. அவர் சந்தைக்குப் போய், “மேனேஜர் ரயில் ஏறிட்டாரு!”ன்னாரு. மேனேஜர் பாவம், உள்ளே உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு.

அப்புறம் என்ன! தடதடதடன்னு ஊரே ஓடி வந்துது. டம் டம்னு கதவை இடிச்சுது. “எங் காசு! எங் காசைக் குடு!”

“காசு உள்ளே இல்லியா அத்தை?”

கொஞ்சம்தான் இருந்துது. நாம போடுற காசைப் பேங்க் பூட்டியே வைக்காது கண்ணு. ஒருத்தருக்கு ஏர்மாடு வாங்கக் கடன் குடுக்கும், ஒருத்தருக்குத் தறி வாங்கக் குடுக்கும். அவங்க மெதுவாத் திருப்பிக் கட்டுவாங்க. தினம் நாலு பேர் வந்து கேட்டா குடுத்துடலாம். ஊரே ஒரே நாள்ல கேட்டா? மாட்டை அன்னைக்கே காசாக்க முடியுமா?

“முடியாது.”

அப்போ வானம் கறுத்துப்போச்சு. கடகடன்னு இடி. பூங்காவனம் நசுங்கி நசுங்கி ஜன்னலாண்ட போயிட்டா. காசாளர் எண்ணி அவ பையில போட்டாரு. உள்ளே இரும்புப் பெட்டி ஈரம் சொட்டச் சொட்ட நின்னுது. நெத்தியில சந்தனம், குங்குமம்.

“பெட்டி காலின்னாங்களே ஐயா?”

“நாளைக்கு ஆயுத பூஜை இல்லையாம்மா? வருஷா வருஷம் காசை மேஜையில எடுத்து வச்சிட்டுப் பெட்டியைத் தொடைப்போம், அதான் காலி. இப்போதான் நிஜமாவே காலியாவுது. உனக்கப்புறம் ரெண்டு பேருக்குக்கூடக் காணாது.”

முதுகுக்குப் பின்னால கன்னியம்மா அழுவுறது கேட்டுது. “மருமவ பிரசவத்துக்கு வச்சிருந்தேனே... நகருடி பூங்காவனம், எனக்குக் கிடைக்குமாடி?” பொட்டுன்னு ஒரு மழைத்துளி பூங்காவனம் கையில விழுந்துது.

முடியப்போவுது, கண்ணை மூடிக்கோ. மூடிட்டியா?

“ம்...”

பூங்காவனம் அந்தப் பையை ஜன்னல் வழியாத் திரும்ப உள்ளே தள்ளினா. அப்புறம் கூட்டத்துப் பக்கம் திரும்பி, மோர் விக்கிற அதே குரல்ல, நாலு தெருவுக்கும் கேக்கிற மாதிரி கத்தினா: “பெட்டியைத் தொடைக்கத்தான் காலி பண்ணாங்க! எங் காசை நான் திரும்பப் போட்டுட்டேன்!”

கதவை இடிச்ச சத்தம் அப்படியே நின்னுபோச்சு. கதைக்கு விளக்கணைச்சாச்சு. தூங்கு கண்ணு.