சத்தம் போன வண்டி

போடியில் மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் பிலோமினாவின் பைக் பட்டறை இருக்கிறது. பிலோமினாவுக்கு வயது முப்பத்தேழு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் சீடர் பெத்தணசாமிக்கு வயது ஐம்பத்தாறு.

பெத்தணசாமி இருபத்தெட்டு வருடம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தார். தன்னைவிடச் சின்னவர் என்றாலும் பிலோமினாவை "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார். பிலோமினா அவரை "அண்ணே" என்பார்.

ஒரு வாரம் பிலோமினா வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமை காலை திரும்பி வந்து பார்த்தால், பெத்தணசாமி தன் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு."

"மணி ஒம்பதுதான ஆகுது."

"இனிமே வர மாட்டேன் மேஸ்திரி. வாத்தியார் வண்டியக் கெடுத்துட்டேன்."

பட்டறை நடுவில் ஞானதுரை வாத்தியாரின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. நாற்பது வயது வண்டி. வாத்தியார் தினமும் அதில்தான் மலை ஏறி எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போவார். அந்தப் பள்ளிக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். அவர் ஏறாத நாளில் பள்ளிக்கூடமும் கிடையாது.

பிலோமினா குனிந்து பார்த்தார். சைலன்சர் குழாய், இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில், நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது.

"என்ன செய்யுது?"

"மேட்டுல விட்டு விட்டு ஓடுது, மிஸ் அடிக்குது. இழுவை இல்ல. நேத்து மேல போய் நிறுத்தினதும் வாத்தியார் குனிஞ்சு பாத்திருக்காரு. குழாய் கொல்லன் உலையில வச்ச கம்பி மாதிரி செவந்து கிடந்துச்சாம்."

"நீங்க என்னென்ன பாத்தீங்க?"

"பிளக் மாத்தினேன். கார்புரேட்டரக் கழட்டிக் கழுவினேன். காயில் மாத்தினேன். பாயிண்ட்டத் தேச்சு வச்சேன். எல்லாம் சரியா இருக்கு. வண்டிதான் சரியா இல்ல."

"அப்ப வேற என்ன?"

"வால்வு கருகிருச்சு. வேற ஒண்ணும் இருக்க முடியாது. இந்த வண்டிக்கு இப்ப வால்வு எங்க கிடைக்கும்? திங்கக்கிழமை அவர் எப்படி மேல போவாரு?" பெத்தணசாமி பையின் முடிச்சை இறுக்கினார். "கைக்கு வந்த வண்டியில வால்வக் கருக விட்டவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கு இல்ல மேஸ்திரி. நான் போறேன்."

"கருகினதப் பாத்தீங்களா?"

"பாக்கல. பயமா இருக்கு."

"பாத்துட்டுப் போங்க" என்றார் பிலோமினா.

பிறகு ஒரு சின்ன ஸ்டூலை இழுத்து வண்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்டார்ட் பண்ணதும் மிஸ் அடிக்குதா?"

"இல்ல. காலையில ஒரே உதை. நல்லாத்தான் கிளம்புது. ஆறாவது வளைவு தாண்டினதும்தான்."

"நிறுத்தி ஆற விட்டா?"

"திரும்ப நல்லா ஓடுது. அடுத்த நாலு வளைவுக்கு."

"குளுந்தா நல்ல வண்டி, சூடானா கெட்ட வண்டி" என்றார் பிலோமினா. "இதுக்கு முன்னாடி வண்டி எதுக்கு வந்துச்சு?"

"எப்ப?"

"மிஸ் அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

"அது வேற விஷயம் மேஸ்திரி. இன்ஜின் மேல டிக் டிக்னு டேப்பட் சத்தம் வருதுன்னு வந்தாரு. அத அறவே நிறுத்திட்டேன்." அன்று காலை முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பூனை நடக்குற மாதிரி ஆக்கி விட்டேன். வாத்தியாருக்கே அவ்வளவு சந்தோஷம்."

"எந்த நாளு?"

"திங்கக்கிழமை."

"மிஸ் அடிச்சது?"

"செவ்வாக்கிழமை."

சொல்லிவிட்டுப் பெத்தணசாமி அந்த இரண்டு நாட்களையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

"எப்படி வச்சீங்க அண்ணே?"

"கையாலதான். சத்தம் நிக்கிற வரைக்கும் திருகினேன். மில்லுல எந்த மிஷினுல சத்தம் வந்தாலும் எங்கயோ தளர்ச்சின்னு அர்த்தம். சத்தம் எங்க நிக்குதோ அங்க நட்ட விடணும். இருபத்தெட்டு வருஷத்துல ஒரு மிஷின் என்னக் கேள்வி கேட்டதில்ல."

பிலோமினா இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். காலையில் பெத்தணசாமி ஓட்டிப் பார்த்திருந்ததால் இன்னும் சூடாக இருந்தது.

"ஆறட்டும். ரெண்டு டீ சொல்லுங்க."

"என்ன தப்புன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"டீ வரட்டும்ணே."

டீ வந்தது. பிலோமினா எதிர் வரிசையில் இருந்த மளிகைக் கடையைக் காட்டினார்.

"அந்தக் கடைக்கு முந்தி ஷட்டர் கிடையாது. பலகைக் கதவுதான். ஒவ்வொரு பலகையா காடியில நுழைச்சுப் பூட்டணும். ஒரு ஆசாரி செஞ்சு குடுத்தாரு. மொத்தம் பதினோரு பலகை. நல்ல சித்திரை மாசம். ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவுல மயிரிழை போகாது. காத்தடிச்சா ஒரு ஆட்டம் இல்ல, ஒரு சத்தம் இல்ல."

"நல்ல ஆசாரிதான்."

"ஐப்பசியில மழை பிடிச்சுச்சு."

பெத்தணசாமி டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தார்.

"பலகையெல்லாம் ஊறிப் பெருத்துப்போச்சு. கடைக்காரரு பத்துப் பலகையத் தட்டித் தட்டிப் போட்டுட்டாரு. பதினொண்ணாவது உள்ள போகல. விடியிற வரைக்கும் குடையப் பிடிச்சுக்கிட்டு அந்த ஒரு பலகை சந்துல உக்காந்திருந்தாரு."

பெத்தணசாமி சிரிக்கப் போனார். பாதியில் நின்றுவிட்டார். இன்ஜினைப் பார்த்தார்.

"இரும்பு சூட்டுல பெருக்கும்" என்றார் மெல்ல.

"உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப நான் சந்தே இல்லாம வச்ச வால்வு..."

"மூடல."

வால்வு என்பது இன்ஜினுக்குள் இருக்கும் சின்னக் கதவு. பெட்ரோல் உள்ளே எரியும்போது அது இறுக மூடியிருக்க வேண்டும். அதைத் தள்ளித் திறக்கும் தண்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி விடுவார்கள். 'டிக் டிக்' என்பது அந்த இடைவெளியின் சத்தம். இடைவெளியே இல்லாவிட்டால், எல்லாம் சூடாகி நீளும்போது கதவு மூடாமல் ஒருக்களித்தே நிற்கும். உள்ளே எரிய வேண்டிய தீ அந்தச் சந்து வழியாகக் குழாய்க்குப் போய்விடும்.

"மூடாத வால்வு ஓட ஓடக் கருகும்ல?" என்று கேட்டார் பெத்தணசாமி.

"கருகும்."

"செவ்வா, புதன், வியாழன், வெள்ளி. நாலு நாள் ஓடியிருக்கு."

"இடைவெளி அளக்குற கேஜ் எங்க இருந்துச்சு?"

"டிராயர்லதான். கைக்குத் தெரியும்னு எடுக்கல."

பிலோமினா டிராயரைத் திறந்து கேஜை எடுத்து வெளியே வைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு இன்ஜின் மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. பெத்தணசாமியே மேல் மூடியைக் கழற்றினார். கேஜ் என்பது வெவ்வேறு கனத்தில் எஃகுத் தகடுகள் அடுக்கிய சின்ன விசிறி. இருப்பதிலேயே மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை.

நட்டைத் தளர்த்தினார். பிலோமினா சொன்ன தகட்டை வைத்து மறுபடி இறுக்கினார்.

"தகடு வழுக்கிக்கிட்டு வரணுமா மேஸ்திரி?"

"வழுக்கக் கூடாது. மடிச்சு வச்ச சேலைக்கு நடுவுல இருந்து ரூபா நோட்ட உருவுற மாதிரி வரணும்."

மூன்று தடவை உருவிப் பார்த்தார். மூன்றாவது தடவை பிலோமினா தலையசைத்தார்.

"இப்ப கிக்கர் மேல ஏறி நில்லுங்க. உதைக்காதீங்க. சும்மா நில்லுங்க. வால்வு கருகியிருந்தா காத்து அது வழியா ஓடிரும், கிக்கர் பொசுக்குனு கீழ போயிரும். நல்லா இருந்தா உங்களத் தாங்கும்."

பெத்தணசாமி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலைக் கிக்கர் மேல் வைத்தார். மற்றக் காலைத் தூக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் உள்ளே வந்தார்.

"என்ன நடக்குது?"

"அண்ணனுக்கு எடை பாக்குறோம் சார்" என்றார் பிலோமினா.

பெத்தணசாமி கண்ணை மூடிக்கொண்டு மற்றக் காலையும் தூக்கினார். கிக்கர் இரண்டு விரற்கடை இறங்கியது. நின்றது. ஒல்லியான அந்த மனிதர் ஒற்றைக் காலில் அந்தரத்தில் நின்றார்.

"கீழ போகுதா?"

"நிக்குது."

"சரி, இறங்குங்க."

"நிக்குது மேஸ்திரி."

"தெரியுதுண்ணே. இறங்குங்க."

"கொஞ்ச நேரம் நிக்கிறேனே" என்றார் பெத்தணசாமி.

அவர் இறங்கியதும் மூடியை மாட்டி வண்டியைக் கிளப்பினார்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்டது. வாத்தியார் காதைச் சாய்த்தார்.

"பழைய சத்தம் திரும்ப வந்துருச்சே பெத்தணசாமி?"

"அது இருக்கட்டும் சார். அது இருந்தாத்தான் வால்வு மூடும். அத நிறுத்தப்போயித்தான் உங்க வண்டியக் கெடுத்தேன். வண்டி மேல குத்தம் இல்ல. என் மேலதான்."

வாத்தியார் அவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அந்தச் சத்தத்த நிறுத்தச் சொன்னவன் நான்ல" என்றார். "பின்னால ஏறும். மேல வரைக்கும் போயிட்டு வருவோம்."

இரண்டு பேரும் போனார்கள். பிலோமினா சாப்பிட்டுவிட்டு, ஒரு ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டினார். இரண்டு மணிக்கு மேல் டிக் டிக் சத்தம் மலையிலிருந்து இறங்கி வந்தது.

பெத்தணசாமிக்கு முன்முடியெல்லாம் காற்றில் எழுந்து நின்றது.

"பதினேழு வளைவு மேஸ்திரி. ஒரு மிஸ் இல்ல. ஆறாவதுல நிறுத்திப் பாத்தோம், பத்தாவதுல பாத்தோம், உச்சியிலயும் பாத்தோம். குழாய் செவக்கவே இல்ல."

"பத்தாவது வளைவுல குரங்கு வழி மறிச்சுச்சு. உங்க ஆளு அதுக்கும் டேப்பட்டப் பத்திச் சொல்லிட்டுத்தான் வந்தாரு" என்றார் வாத்தியார். திங்கட்கிழமை எட்டு மணிக்கே கிளம்பப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் இன்னொரு பழைய வண்டி வந்தது. பெத்தணசாமி யாரும் சொல்லாமலே எழுந்து அதனிடம் போனார். இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. மூடியைக் கழற்றிவிட்டு வந்து கேஜைக் கேட்டார்.

பிலோமினா அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"இது இல்லாம வெறுங்கையாலயே சரியா வைக்கிறதுக்கு எத்தன வருஷம் ஆகும்?"

"நான் இந்த வேலைக்கு வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு."

"அப்ப பத்தொம்பதா?"

பிலோமினா கடைசித் தகட்டையும் துடைத்து முடித்தார். கேஜை மடித்து அவர் கையில் வைத்தார்.

"எனக்கு இன்னும் அந்த வருஷம் வரலண்ணே."