வாகை வாய் மூடியது

மரத்துக்கும் கல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஆறு கடலில் விழும் ஒரு கரையில் செல்லத்தி என்றொருத்தி இருந்தாள். பனிமூட்டத்தில் திசை தெரியாமல் தவிக்கும் கட்டுமரங்களுக்குக் கரை எந்தப் பக்கம் என்று காட்டுவது அவள் வேலை. அதற்காக வாகைக் கட்டையைக் குடைந்து, இரும்புத் தந்தி கட்டிய வாத்தியம் ஒன்று வைத்திருந்தாள். தந்திக்கு முணுமுணுக்கத்தான் தெரியும். அதைக் கேட்டு, வயிறு அதிர உரக்கச் சொல்வது வாகைதான்.

வருஷத்துக்கு வருஷம் கடல் இரைச்சலைக் கூட்டியது. செல்லத்தியும் வாகையின் வயிற்றை இன்னும் அகலமாகக் குடைந்தாள், இன்னும் ஓங்கி மீட்டினாள். விரல் நுனிகள் காய்த்துப்போயின. வீட்டுக்குப் போனால் சோறு பிசையக்கூடக் கை மடங்காது.

ஒரு மார்கழிக் காலையில், வாகை போட்ட சத்தம் பாறையில் மோதித் திரும்பி அதன் வயிற்றுக்குள்ளேயே புகுந்தது. வாகை அதையும் உரக்கச் சொன்னது. அதுவும் மோதித் திரும்பியது. கடைசியில் தந்தியை யாரும் தொடாமலே வாத்தியம் ஊளையிட்டது. கடலில் இருந்தவர்களுக்கு எது கரை, எது பாறை என்று பிடிபடவில்லை. செல்லத்தியின் கொழுந்தன் மாசாணன் வந்த கட்டுமரம் பாறையில் மோதிச் சிதறியது. அவன் திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு செல்லத்தி கரைக்கு வந்து உட்கார்ந்தாள். அழவும் தெம்பில்லை.

"நான்தான் அவனைக் கொன்னேன்" என்றது வாகை.

"உன்னைக் கத்தவெச்சது நான்."

"தாயி, அடுத்தவங்க பேச்சை வயித்துல வாங்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. என் வாயை அடைச்சிடு."

"நீ வாயடைச்சிட்டா, கடலுக்குப் போனவங்களுக்கு யாரு சொல்றது?"

காலடியில் கிடந்த காந்தக்கல் பேசியது. "எனக்கு இரும்பு பேசுறது மட்டும்தான் கேக்கும். கடலோ பாறையோ என் காதுல ஏறாது. தந்திக்கு அடியில என்னை வை."

"என்னை இந்தக் கல்லு மேல சுத்து. கேட்டதை நான் கொண்டுபோறேன்" என்றது பக்கத்தில் கிடந்த செம்புக் கம்பி.

"எங்கே கொண்டுபோவே?"

"மேலே, மின்னல்கிட்ட. அவனுக்குத் தொண்டை பெரிசு. சொல்றதுக்குத்தான் ஒண்ணும் கிடையாது."

செல்லத்தி அதே வாகை மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் செதுக்கி, குடைந்த வயிற்றுக்குள் வைத்து அடித்து இறுக்கினாள்.

"இனிமே எனக்கென்ன வேலை?" என்று கேட்டது வாகை.

"அசையாம தாங்கு. நீ நடுங்கினா தந்தியோட பேச்சை நீயே குடிச்சிடுவே. கெட்டியா நின்னா அந்தப் பேச்சு நெடுநேரம் நிக்கும்."

"அது முடியும்" என்றது வாகை. அவள் கடைசி அடியை அடித்தாள். அதற்குப் பிறகு அது பேசவில்லை. காந்தக்கல்லின் மேல் செம்பைச் சுற்றித் தந்திக்கு அடியில் வைத்து, செம்பின் மறுமுனையை மின்னல் தொட வானத்தைப் பார்க்க நீட்டினாள்.

அடுத்த மூட்டத்தன்று செல்லத்தி தந்தியை மெல்லத்தான் தொட்டாள். காந்தம் கேட்டது, செம்பு கொண்டுபோனது, மின்னல் கடல் முழுக்கச் சொன்னது. கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. கயிறு பிடித்து இழுத்தவர்களோடு மாசாணன் பெண்டாட்டியும் நின்றாள்.

"இதை முன்னாலயே செஞ்சிருக்கலாம்க்கா" என்றாள் அவள்.

"ஆமா" என்றாள் செல்லத்தி.

கையை எடுத்தாள். தந்தி ஓய்ந்தது. ஆனால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும் ஓயவில்லை.

"யாரது?"

"நான்தான்" என்றது செம்பு. "காத்துல எது போனாலும் என் மேல பட்டுடுது. சும்மா இருக்கத் தெரியல."

அதட்டவும் அவளுக்குத் தெம்பில்லை. உள்ளங்கையைத் தந்தியின் மேல் வைத்தாள். முனகல் அடங்கியது. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று முதல்தான், மின்கிதாரில் காந்தமும் செம்பும் பேச, மரம் பேசாமல் தாங்கி நிற்கிறது. வாசிப்பவர் கையை எடுத்தால் செம்பு முனகுகிறது, தந்தி மேல் கை வைத்தால் அடங்குகிறது.