முதல் அடி இனாம்

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கடுத்த கால்களோடு கேம் சென்டருக்கு வந்தாள் மல்லிகேஸ்வரி. சண்டை கேமில் கண்டபடி பட்டனைத் தட்டித் தோற்றுவிட்டுப் போவதுதான் அவள் வழக்கம். அன்றைக்கோ போட்டிக்குப் பேர் கொடுக்க வந்திருந்தாள்.

ஊர் சாம்பியன் சூசைராஜ் சிரித்தான். "முதல்ல என்னை ஒரு ரவுண்டு ஜெயிம்மா. முதல் அடி உனக்கு இனாம்." யார் வந்தாலும் முதல் அடியைச் சும்மா வாங்கிக்கொள்வது அவனுடைய பந்தா.

அந்த ஓர் உதையை விட்டவள் அப்புறம் அடிக்கவே இல்லை. அவனிடம் தோற்ற நாளெல்லாம் அவன் அடி எங்கே விழும் என்று பார்த்து வைத்திருந்தாள். மேலே அடித்தால் மேலே தடுத்தாள், கீழே அடித்தால் கீழே. அவன் வியர்த்தான், கத்தினான். நேரம் முடிந்தது. திரையில் அந்த ஓர் உதை அளவுக்கு அவளுக்குத்தான் உயிர் அதிகம்; ரவுண்டு அவளுக்கு.

"திருப்பி அடிக்காம எப்படிம்மா இவ்வளவு நேரம் பொறுத்தே?" என்றான் சூசைராஜ்.

"முகூர்த்த சீசன்ல எங்க கடைக்கு வாங்கண்ணே. அலமாரி மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லி, ஒரு சேலையும் எடுக்காம, திட்டிட்டும் போவாங்க. சிரிச்சுக்கிட்டே மடிச்சு வைக்கணும். இங்கயாவது உட்கார நாற்காலி போட்டிருக்காங்க."