ஏரிக்கரை இரங்கல்

நெடுங்குளத்து மன்னர் உதயவழுதிக்கு அழுகையும் ஓர் அரசாங்க அலுவல். அவைப் பாடகர் ஏழிசைநம்பி முதுமையில் உறக்கத்திலேயே கண்மூடியபோது, மன்னர் உண்மையாகவே தேம்பினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு இடமே இல்லை. ஊரும் தம்மளவு தேம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார்.

"நாளைக் காலை, நம்பி பாடிய ஏரிக்கரையில் அனைவரும் கூடி இரங்க வேண்டும். இரங்காதவருக்குக் கசையடி!"

அரச ஆணைகளை முரசறைந்து ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு ஓலைநாயகம் காரியாருடையது. அவர் வணங்கிவிட்டு மெல்லச் சொன்னார்: "அரசே, நேற்றைய வெள்ளத்தில் ஏரி உடையாமல் காத்தவன் மடை திறக்கும் பூதன். மூழ்கி மடையைத் திறந்தவன் மேலே வரவேயில்லை. அவனுக்கும் ஒரு சொல்..."

அமைச்சர் மாதவராயர் முந்திக்கொண்டார். "ஒரு மடையன் போனதற்கெல்லாம் அவை அழுதால் அவைக்கு என்ன மதிப்பு?"

அவை குலுங்கிச் சிரித்தது. காரியாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அரண்மனை வாசலில் பூதன் மனைவி காளத்தி நின்றிருந்தாள். கண்ணில் நீரில்லை, கோபம் இருந்தது.

"ஐயா, நம்பி பாட்டைக் கேட்டு நானும் அழுதவதான். ஆனா எம் புருசன் இன்னும் தண்ணிக்குள்ள கிடக்காரு. தேட வேண்டிய வலைஞரையெல்லாம் பந்தல் கட்டப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. எடுத்துக் கொள்ளி வைக்க வேணாமா?"

"தண்ணீர் இப்போது எவ்வளவு, அம்மா?"

"அவரு திறந்த மடைதானே, வடிஞ்சுக்கிட்டே இருக்கு. காலைல மார்பளவுதான் நிக்கும்."

காரியார் நேரே முரசறைபவனிடம் போனார். "அப்பனே, ஆணையில் எதையும் கூட்டாதே, குறைக்காதே. 'இரங்க' என்று வரும் இடத்தில் மட்டும் நன்றாக அழுத்திச் சொல். அரச துக்கத்தை மெல்லச் சொன்னால் மரியாதையில்லை."

அவனுக்கோ இடிக்குரல். அவன் அழுத்திய அழுத்தத்தில் இடையின ரகரம் வல்லின றகரமாகிவிட்டது. "ஏரிக்கரையில் அனைவரும் கூடி இறங்க வேண்டும்! இறங்காதவருக்குக் கசையடி!"

காலையில் ஊரே கரையில் நின்று விழித்தது. காரியார் வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

"கசையடிதான் வேண்டும் என்பவர்கள் கரையிலேயே நிற்கலாம்!"

அவ்வளவுதான். புலவர் இறங்கினார். படைத்தலைவர் இறங்கினார். பட்டாடையோடு மாதவராயரும் இறங்கினார்.

"வலைஞர்கள் முன்னால் போங்கள்! மற்றவர்கள் கைகோத்துக்கொண்டு காலால் துழாவுங்கள்!"

மடைக்கல்லருகே சிக்கியிருந்த பூதனின் உடல் காலில் தட்டுப்பட்டு அலறியவர் மாதவராயரே. வலைஞர்கள் தூக்கிவந்து கரையில் கிடத்தினார்கள். அப்போதுதான் காளத்தி வாய்விட்டு அழுதாள்.

யானைமேல் வந்து சேர்ந்த மன்னர், தம் அவை முழுவதும் ஏரிக்குள் நிற்பதைக் கண்டு திகைத்தார்.

"காரியாரே! நான் சொன்னது இடையின ரகரம்!"

"அவர் தலையை வாங்குங்கள், அரசே!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினார் மாதவராயர். அவர் தலைப்பாகையிலிருந்து பாசி தொங்கியது.

காரியார் கைகூப்பினார். "ஓர் எழுத்து மாறியது உண்மைதான், அரசே. பூதன் அன்று வல்லினத்தில் இறங்கினான். அதனால்தான் நாமெல்லாம் இடையினத்தில் இரங்க உயிரோடு இருக்கிறோம். நம்பிக்காகத் தாங்கள் தேம்பியபோது எந்த முரசும் தங்களை ஏவவில்லை. இதோ, இவளையும் யாரும் ஏவவில்லை."

மன்னர் காளத்தியைப் பார்த்தார். பிறகு, பாசி சூடிய அமைச்சர்மேல் பார்வை போனதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஓலைநாயகத்துக்கு உலர்ந்த பட்டு வேட்டி கொடுங்கள்! அமைச்சர் இன்னும் சற்று நேரம் தண்ணீரிலேயே நிற்கட்டும். நம்பிக்கு வைத்த சந்தனக் கட்டையில் பாதி பூதனுக்கு. கசையடி ஒருவருக்கும் கிடையாது."

சொல்லிவிட்டு யானையை மண்டியிடச் செய்தார். மாதவராயர் குளிரில் பல் கிடுகிடுக்கக் கேட்டார்: "அரசே, தாங்கள் இப்போது... எந்த ரகரம்?"

"முதலில் வல்லினம்," என்றார் மன்னர். "இறங்கி அவள் எதிரில் நின்றால், இடையினம் தானாக வரும்."