பதினாலாம் கட்டிலின் ஃபேக்ஸ் எண்

மதுரையில் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் நஸீமாவிடம் தொழில் கற்க வந்தவர்களில் தங்கமாரியப்பன்தான் மூத்தவர். வயது ஐம்பத்து மூன்று. துணி மில்லில் தறி ஃபிட்டராக இருந்து, மில் மூடியதும் கணினிக்கு வந்தவர். குருவுக்கு முப்பத்தொன்று. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு நாள் காலை அவர் கொதித்துப்போய் வந்தார்.

“டீச்சர், ஒழுங்கா எழுதிக் குடுத்ததை ஒழுங்காப் பயன்படுத்தத் தெரியாத ஆளுங்களை என்ன செய்யுறது?”

“யாருண்ணே?”

“நம்ம ஆஸ்பத்திரி சிஸ்டருங்கதான். நோயாளியோட ஃபேக்ஸ் எண் எழுதுற பெட்டியில வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. அங்க மேனேஜர் கத்துறார். இனிமே அதுல எண் மட்டும்தான் ஏறும்னு மாத்திட்டேன். ரெண்டு மணிக்குப் போட்டுடுவேன். பழைய குப்பையும் தன்னால அழிஞ்சிடும்.”

நஸீமா வண்டிச் சாவியை எடுத்தாள்.

வார்டில் அற்புதமேரி சிஸ்டர் ஊசித் தட்டோடு கணினி முன் நின்றிருந்தார். மாரியப்பன் எட்டிப் பார்த்தார். பதினாலாம் கட்டில், செல்லத்துரை, வயது அறுபது. ஃபேக்ஸ் எண் பெட்டியில் இப்படி இருந்தது: ‘பென்சிலின் ஆகவே ஆகாது. போன தடவை மூச்சு நின்றது. இடது காது கேட்காது.’

“மருந்து ஒத்துக்காததை எழுதத் தனிப் பக்கமே இருக்கே சிஸ்டர்” என்றார்.

“இருக்கு சார். ஏழு தடவை அமுக்கினா வரும். இந்தப் பெட்டி எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உச்சியில நிக்குது, கொட்டை எழுத்துல. எந்தப் புண்ணியவான் வச்சாரோ.”

“நான்தான் வச்சேன்” என்றாள் நஸீமா. “பழைய படிவத்துல இருந்துச்சு. யோசிக்காம அப்படியே போட்டுட்டேன்.”

மாரியப்பன் விடவில்லை. “அது ஃபேக்ஸ் எண்ணுக்கான இடம். ரெண்டு மணிக்கு அடைச்சிடுவோம்.”

சிஸ்டர் தட்டைக் கீழே வைத்தார்.

“அடைங்க. முகவரியில எழுதுவோம். அதை அடைச்சா அப்பா பேர்ல எழுதுவோம். அதையும் அடைச்சா இவர் நெத்தியில எழுதி ஒட்டுவோம். ரெண்டு மணிக்கு டூட்டி மாறுது சார். வர்ற பொண்ணு புதுசு. இவரைப் பத்தி அவளுக்கு யார் சொல்லுவா? நீங்களா?”

சொல்லிவிட்டு ஊசி போடப் போய்விட்டார்.

மாரியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. நஸீமா மெல்லக் கேட்டாள்.

“அண்ணே, மில்லுல தறி நாடா வந்து மோதுற அடியைத் தாங்குறதுக்கு என்ன கட்டுவீங்க?”

“சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டுவேன்.”

“தறி செஞ்ச கம்பெனி அப்படித்தான் சொல்லிச்சா?”

“அவங்களுக்கு என்ன தெரியும்? தறிகிட்ட நிக்கிறவன் நான்ல…”

பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, ஒரு வாரம் உழைத்து எழுதியதை முழுக்க அழித்தார்.

அவருடைய போன் அடித்தது. மேனேஜர். மாரியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் கையால் பொத்தினார்.

“ரெண்டு மணிக்குள்ள அந்தப் பெட்டியில வெறும் எண் மட்டும் இல்லைன்னா நம்ம ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடுவாராம். என்ன சொல்ல டீச்சர்?”

“பதினாலாம் கட்டிலுக்கு வந்து, செல்லத்துரையோட ஃபேக்ஸ் எண்ணை அவரே கேட்டு வாங்கச் சொல்லுங்க. எந்தக் காதுல கேக்கணும்னு அந்தப் பெட்டியிலதான் எழுதியிருக்கு.”