சிவப்புக் காகத்தின் இடம்

காகிதப் பறவைகள் காலையில் பள்ளிக்கூடம் வந்து சாயங்காலம் வீடு திரும்பிய ஒரு காலத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு பால்வாடி இருந்தது. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் பவுலின். அவளிடம் வேலை கற்க வந்தவள் வடிவு. கற்க வந்தவளுக்குத்தான் வயது கூட. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றாள். சிஷ்யை குருவை டீச்சர் என்றாள்.

வடிவு நல்ல கைவேலைக்காரி. வந்த கையோடு, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் நீலத் தாள் ஒட்டி ஒரு பலகை செய்தாள். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் பள்ளிக்கூடம். பிள்ளைக்கு ஒரு பறவை, நூல் கட்டியது; பக்கத்துக்கு ஒரு கொக்கி. உள்ளே வந்ததும் தன் பறவையை வீட்டிலிருந்து கழற்றிப் பள்ளிக்கூடத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். போகும்போது திரும்ப வீட்டில் மாட்ட வேண்டும். அடுத்தவர் பறவையைத் தொடக்கூடாதென்று பிள்ளைகளே சட்டம் போட்டுக்கொண்டன.

இசக்கி தன் காகத்துக்குச் சிவப்பு அடித்திருந்தான்.

"காக்கா கறுப்புல்லா?" என்றாள் ஷெர்லின்.

"இது குளிச்ச காக்கா" என்றான்.

மழை விட்ட வாரத்தில் இசக்கி காய்ச்சலில் செத்துப்போனான். பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. காகம் வீட்டுப் பக்கமே தொங்கியது.

காலை தவறாமல் ஷெர்லின் பலகை முன்னால் வந்து நிற்பாள். "இன்னும் வீட்லதான் இருக்கான் சோம்பேறிப்பய. எப்ப வருவான் டீச்சர்?"

கேள்வி வடிவிடம்தான் வரும். "வருவான், நீ போய் உக்காரு" என்பாள். சொல்லிவிட்டு அந்த நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்க மாட்டாள்.

கடைசியில் பவுலினிடம் போனாள். "நீங்களே அவகிட்ட சொல்லிருங்களேன் டீச்சர்."

"என்கிட்ட அவ கேக்கலியே அக்கா."

"சின்னப்பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?"

"நமக்குப் புரிஞ்சிட்டா?"

வடிவு திரும்பி வந்தாள்.

மறுநாள், பிள்ளைகள் வருமுன்னே, சிவப்புக் காகத்தைக் கழற்றிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் மாட்டினாள். இனி அந்தக் கேள்வி வராது என்று நினைத்தாள், பாவம்.

"இசக்கி வந்துட்டான்!" என்று கத்தினாள் ஷெர்லின்.

பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் தேடின. அரிசி மூட்டைக்குப் பின்னால் தேடின. "ஏல இசக்கி, ஒளிஞ்சது போதும், வால!" மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தன. வடிவு கரண்டியைப் போட்டுவிட்டு, சமையல்கட்டுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பிள்ளைகள் தம்தம் பறவையை வீட்டில் மாட்டிவிட்டுப் போயின. காகத்தை யாரும் தொடவில்லை. சட்டம் சட்டம்தானே.

அந்நேரம் இசக்கியின் அம்மா பேச்சியம்மாள் வந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். காலில் உப்பு பூத்திருந்தது.

"பிள்ளை தட்டு இங்கன கிடக்குன்னாவ."

வடிவு தட்டை எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவளின் கண் பலகையில் நின்றுவிட்டது. அந்தக் காகத்தை அவளுக்குத் தெரியும். மகன் சொல்லிச் சொல்லி மாய்ந்ததுதான். வீட்டுப் பக்கம் பறவைக் கூட்டம். பள்ளிக்கூடத்துப் பக்கம் அது ஒன்று மட்டும்.

"எல்லாப் பிள்ளையும் வீட்டுக்குப் போயிருச்சே" என்றாள். "இவன மட்டும் ஏன் ஒத்தையில விட்டுருக்கிய?"

வடிவு ஓடிப்போய்க் காகத்தைக் கழற்றினாள். வீட்டுப் பக்கம் கொண்டுபோனாள். கொக்கி வரை போன கை நின்றது. அங்கே மட்டும் அவன் இருக்கிறானா? பழைய இடத்துக்கும் கொண்டுபோக முடியவில்லை. நூலைப் பிடித்தபடி பலகைக்கு நடுவில் நின்றாள்.

"டீச்சர், இத எங்க மாட்ட?"

பவுலின் எழுந்து வந்து அவள் கையிலிருந்து காகத்தை வாங்கினாள். எங்கும் மாட்டவில்லை. பேச்சியம்மாளிடம் நீட்டினாள். அவள் அதைத் தட்டில் வைத்து, காற்று கொண்டுபோய்விடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெளியே போனாள்.

வடிவுக்கு இசக்கியின் கொக்கி இரண்டும் வெறுமையாகத் தெரிந்தன.

"ஒரு பூவாவது வெட்டி மாட்டிரட்டுமா டீச்சர்? வெறுமனே கிடந்தா ஷெர்லின் பிள்ளை கேக்குமே."

"கேக்கட்டும்."

"கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"இசக்கி செத்துப்போனான், இனி வரமாட்டான்னு சொல்லுங்க."

"சொன்னாலும் மறுநாளும் வந்து கேப்பாளே."

"மறுநாளும் சொல்லுங்க அக்கா."

பவுலின் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். வடிவு ஜன்னலைச் சாத்தினாள், கதவைப் பூட்டினாள். பிறகு அவளும் போனாள்.